எக்ஸாம்ப்புக்கு அடுத்து என்ன? பிஎச்பி வேலையில் அன்றாடம் கைகொடுக்கும் கருவிகள்

கேள்வி கேட்டிருக்கும் தம்பி சேலம் அம்மாப்பேட்டைக்காரர். பிசிஏ முடித்துவிட்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் இணையதளம் எழுதும் பிஎச்பி மொழியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எக்ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வர், பிஎச்பி, டேட்டாபேஸ் மூன்றையும் சொந்த மெஷினில் ஓட்டும் தொகுப்பு), நோட்பேட் பிளஸ் பிளஸ் (எடிட்டர்), பிஎச்பிமைஅட்மின் (டேட்டாபேஸைப் பார்க்க), ஃபைல்ஜில்லா (சர்வருக்கு ஃபைல் அனுப்ப) இந்த நான்கும் தெரியுமாம். "இதற்கு மேல் எதைப் பழகினால் தினசரி வேலைக்கு உபயோகம்? 4 ஜிபி ரேம் லேப்டாப்தான் இருக்கிறது, ஓடுமா?" என்று கேட்கிறார்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன் தம்பி: எக்ஸ்டீபக் (ஓடும் கோடை நிறுத்திப் பார்க்க), பிஎச்பிஸ்டான் (ஓட்டாமலேயே தவறு பிடிக்க), காம்போசர் (அடுத்தவர் நூலகங்களை இறக்க), கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்க). நான்கும் இலவசம், நான்கும் உங்கள் லேப்டாப்பில் ஓடும். ஏன் இந்த நான்கு என்பதற்குக் காரணம் இருக்கிறது. சேலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு வருவது கொலுசுப் பட்டறைக் கணக்கு, ஜவ்வரிசி ஆலையில் லோடு வரவு, லாரி புக்கிங், ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்கு அறைப் பதிவு மாதிரியான வேலைகள். எழுதுவதும் ஒரே ஆள், டெஸ்ட் செய்வதும் அதே ஆள், ராத்திரி போன் வந்தால் எடுப்பதும் அவரேதான். தனியாக ஒரு டெஸ்டிங் டீம் கிடையாது. அதனால் கஸ்டமர் கண்ணில் படுவதற்கு முன் தவறை நம் கண்ணுக்குக் காட்டுகிற கருவி எதுவோ, அதுதான் நமக்கு முதலில் வேண்டும்.

புதிதாக எதையும் இறக்குவதற்கு முன் கையில் இருக்கும் எக்ஸாம்ப்பைச் சரி செய்யுங்கள். பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து டைம்ஸோன் வரியைப் பாருங்கள். எக்ஸாம்ப் ஜெர்மனியில் பிறந்தது என்பதால் அங்கே பெரும்பாலும் 'யூரோப் பெர்லின்' என்று இருக்கும். அதை 'ஏஷியா கொல்கத்தா' என்று மாற்றுங்கள். சர்வரிலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். நிறைய சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். பூ மார்க்கெட்டில் விடியற்காலை 4 மணிக்குப் போடும் பில்லில் முந்தைய நாள் தேதி விழும். நாம் டெஸ்ட் செய்வதோ காலை 10 மணிக்கு மேல். நமக்கு அது தெரியவே தெரியாது. மைஎஸ்கியூஎல்லுக்குத் தனி நேர அமைப்பு உண்டு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதே ஃபைலில் எரர் ரிப்போர்ட்டிங்கை முழுவதுமாகத் திறந்துவிடுங்கள். உங்கள் மெஷினில் டிஸ்ப்ளே எரர்ஸ் ஆன், சர்வரில் ஆஃப், லாக் எரர்ஸ் இரண்டு இடத்திலும் ஆன். "பேஜ் வெள்ளையாக வருகிறது சார்" என்று போன் வந்தால் கோடைத் திறப்பதற்கு முன் லாக்கைத் திறக்க வேண்டும். ஃபைல் பெயரும் வரி எண்ணும் அங்கேயே எழுதியிருக்கும். சர்வரில் ஒரு சங்கதி: கமாண்ட் லைனில் ஓடும் பிஎச்பிக்கு ஓர் ஐஎன்ஐ, வெப் சர்வர் வழியாக ஓடும் பிஎச்பிக்கு வேறோர் ஐஎன்ஐ இருப்பது சகஜம். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதில் மாறவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் வார்டம்ப், அதாவது வேரியபிளில் உள்ளதை வகையோடு அப்படியே காட்டும் ஃபங்ஷன். "அது எனக்குத் தெரியுமே" என்பீர்கள். எக்கோவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொலுசுக் கணக்கில் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் வெள்ளியை எடை போட்டு வேலைக்குக் கொடுப்பார்கள்; கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போட்டு, சேதாரம் கழித்து, கூலி போடுவார்கள். ஒருவரிடம் 0.3 கிலோ கொடுத்து, ஒரு தடவை 0.1 கிலோ, இன்னொரு தடவை 0.2 கிலோ திரும்பி வந்துவிட்டது என்று வையுங்கள். நிலுவை பூஜ்யம். ஆனால் ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைத்துக் கழித்தால் மைனஸ் 2.77 என்று ஆரம்பித்து 'ஈ மைனஸ் 17' என்று முடியும் ஒரு எண் வரும். நிலுவை பூஜ்யமா என்று பார்க்கிற இஃப் பொய்யாகிவிடும், கணக்கு முடியாமல் நிற்கும். எடைக் கணக்கில் இப்படி ஓர் எண் தெரிந்தால் பட்டறைக்காரருக்கு அந்த சாஃப்ட்வேர் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

கூட்டலில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே தவறு கண்ணுக்கே தெரியாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி எக்கோ செய்தால் 0.3 என்று அழகாகக் காட்டும். வார்டம்ப் போட்டால்தான் 0.30000000000000004 என்று உள்ளதைச் சொல்லும். எக்கோ 14 இலக்கத்தோடு சுருக்கிவிடுகிறது, 7.1 பதிப்பிலிருந்து வார்டம்ப் சுருக்காமல் காட்டுகிறது. கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் எக்கோவில் சரிபார்க்காதீர்கள். எடையை மில்லிகிராமில் முழு எண்ணாக வையுங்கள். இல்லாவிட்டால் டேட்டாபேஸில் கிராமுக்கு மூன்று தசம இடத்தோடு டெசிமல் நெடுவரிசையாக வைத்து, பிஎச்பி பக்கம் துல்லியமாகக் கணக்கிடும் பிசிமேத் எக்ஸ்டென்ஷனில் கூட்டிக் கழியுங்கள். ஃப்ளோட் நெடுவரிசை மட்டும் வேண்டாம்.

இனி எக்ஸ்டீபக். இப்போது நீங்கள் பிழை தேடும் விதம் எனக்குத் தெரியும்: 'இங்கே வந்தது 1', 'இங்கே வந்தது 2' என்று எக்கோ போட்டுக்கொண்டே போவது. எந்த வரியில் போகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். அந்த நேரத்தில் மற்ற வேரியபிள்களில் என்ன இருந்தது, அந்த ஃபங்ஷனை யார் கூப்பிட்டார்கள் என்பது தெரியாது. டெரிக் ரெத்தன்ஸ் என்பவர் 2002 முதல் பராமரித்து வரும் எக்ஸ்டீபக் அதையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டும்.

நிறுவுவது கஷ்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அதன் தளத்தில் விசர்ட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பிஎச்பியின் அமைப்புகளைப் பட்டியலிடும் பிஎச்பிஇன்ஃபோ காட்டுவதை முழுவதும் காப்பி செய்து அங்கே ஒட்டினால், உங்கள் பதிப்புக்கு எந்த டிஎல்எல், எந்த ஃபோல்டரில் போட வேண்டும், ஐஎன்ஐயில் எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். மோடை 'டீபக்' என்றும், 'ஸ்டார்ட் வித் ரிக்வெஸ்ட்' வரியை 'எஸ்' என்றும் வைத்து, அப்பாச்சியை ஒருமுறை நிறுத்தி ஓட விடுங்கள். விஎஸ் கோடு எடிட்டரில் 'பிஎச்பி டீபக்' எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் போர்ட் எண். பழைய வீடியோக்களில் 9000 என்று சொல்வார்கள். சர்வரில் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மும் அதே 9000-ஐப் பயன்படுத்துவதால், 2020-இல் வந்த எக்ஸ்டீபக் 3 முதல் 9003 ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் 9003 இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடத் தொடங்கிவிட்டால், கூலி கணக்கிடும் வரிக்கு இடதுபுறம் கிளிக் செய்து ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பிரௌசரில் பேஜைத் திறந்தால் புரோகிராம் அந்த வரிக்கு வந்து நிற்கும். இடதுபக்கம் எடை, சேதாரம், கூலி விகிதம் எல்லாம் மதிப்போடு தெரியும். எஃப்10 அழுத்தினால் அடுத்த வரி, எஃப்11 அழுத்தினால் ஃபங்ஷனுக்கு உள்ளே. 600 வரி உள்ள லிஸ்டில் ஒரே ஒரு ஆளின் கணக்கு மட்டும் தப்பாக வருகிறதா? புள்ளியில் ரைட் கிளிக் செய்து 'நிலுவை பூஜ்யத்துக்குக் கீழ் போனால் மட்டும் நில்' என்று நிபந்தனை போடலாம். 599 பேரைத் தாண்டி அந்த ஆளிடம் நேராகப் போய் நிற்கும். அடுத்தவர் எழுதிய பழைய கோடைப் புரிந்துகொள்ளவும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கு அதுதான் இப்போது அதிகம் உதவும். சர்வரில் மட்டும் இதைப் போடாதீர்கள். வேகம் குறையும், ஆபத்தும் கூட.

எக்ஸ்டீபக் ஓடும்போது காட்டும். பிஎச்பிஸ்டான் ஓட விடாமலேயே கோடைப் படித்துத் தவறைச் சொல்லும். ஒண்ட்ரே மிர்டெஸ் 2016-இல் வெளியிட்டது. 0 முதல் 10 வரை லெவல் உண்டு. எடுத்த எடுப்பில் 10-இல் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் எரர் வந்து வெறுத்துப்போகும். 0-இல் ஆரம்பித்து, அதைச் சரி செய்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பழைய பிராஜெக்ட் என்றால் பேஸ்லைன் என்ற வசதியில் இன்றுவரை உள்ள தவறுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இனிமேல் எழுதுவதை மட்டும் கண்காணிக்கச் சொல்லலாம்.

எப்படிப்பட்ட தவறைப் பிடிக்கும்? முகவரியில் 'சேலம்' என்று இருந்தால் டெலிவரி கட்டணம் இல்லை என்று ஒரு விதி. ஸ்டர்பாஸ் (ஒரு சொல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபங்ஷன்) போட்டு அதை நேராக இஃப் உள்ளே வைக்கிறார்கள். 'அம்மாப்பேட்டை, சேலம்' என்றால் சரியாக வேலை செய்யும். 'சேலம், அம்மாப்பேட்டை' என்று எழுதியவருக்குக் கட்டணம் விழும். ஏனென்றால் சேலம் இருப்பது 0-ஆவது இடத்தில், பிஎச்பிக்கு 0 என்றால் இஃப்பில் பொய். பத்து முகவரி போட்டு டெஸ்ட் செய்தாலும் மாட்டாமல் போகலாம். பிஎச்பிஸ்டானோடு ஸ்ட்ரிக்ட் ரூல்ஸ் என்ற இணைப்பைச் சேர்த்தால், 'இஃப் உள்ளே பூலியன் மட்டும்தான் வரலாம்' என்று அந்த வரியைக் காட்டிக்கொடுத்துவிடும். பிஎச்பி 8-இல் இதற்கென்றே ஸ்டர் கண்டெய்ன்ஸ் வந்துவிட்டது, அதையே எழுதுங்கள்.

தமிழ் எழுத்து பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இது வராது, நம் கஸ்டமர்களுக்கோ தமிழில்தான் பில் வேண்டும். 'சேலம்' என்ற சொல்லுக்கு, நீளம் சொல்லும் ஸ்டர்லென் கேட்டுப் பாருங்கள்: 15. எம்பி ஸ்டர்லென்: 5. கிராஃபீம் ஸ்டர்லென்: 3. மூன்றும் சரிதான். முதலாவது பைட்டை எண்ணுகிறது. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். இரண்டாவது ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று குறியீடுகளை எண்ணுகிறது. மூன்றாவதுதான் நாம் படிக்கிற மாதிரி சே, ல, ம் என்று எண்ணுகிறது.

இடம் போதவில்லை என்று, சொல்லை வெட்டும் சப்ஸ்டரில் 10 பைட்டோடு வெட்டினால் நாலாவது குறியீடு பாதியில் உடையும். திரையில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் தெரிவதோடு போகாது. அதை, மொபைலுக்கு அனுப்பும் வடிவத்துக்கு மாற்றும் ஜேசான் என்கோடில் கொடுத்தால் மொத்த விடையும் ஃபால்ஸ் ஆகிவிடும், மொபைல் ஆப்பில் லிஸ்ட் காலியாக வரும். ஜேசான் என்கோட் செய்யும்போது 'த்ரோ ஆன் எரர்' என்ற கொடியைச் சேர்த்தால் இது மறைந்து போகாமல் எக்ஸெப்ஷனாக வெளியே வரும். எம்பி சப்ஸ்டரில் 4 என்று வெட்டினால் எழுத்து உடையாது, ஆனால் பில்லில் 'சேலம' என்று புள்ளி இல்லாமல் அச்சாகும். பெயரைச் சுருக்கிக் காட்ட கிராஃபீம் சப்ஸ்டர்தான் சரி. அது இன்டில் எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது. எக்ஸாம்ப் ஐஎன்ஐயில் அந்த வரிக்கு முன்னால் அரைப்புள்ளி இருந்தால் எடுத்துவிடுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் எம்பி ஸ்டர்லென் கணக்கை எடுங்கள்: தமிழில் ஒரு செய்திக்கு 70 குறியீடு, அங்கே சேலம் என்பது 5 ஆகத்தான் கழியும்.

இன்னொரு சிக்கல் தேடலில் வரும். 'கொண்டலாம்பட்டி' என்று தேடினால் பாதிப் பெயர்கள்தான் வருகின்றன என்று வையுங்கள். 'கொ' என்பதை க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம்; கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பிஎச்பியில் ஒப்பிட்டால் வேறு வேறு. சந்தேகம் வந்தால் இரண்டு சொல்லையும், பைட்டுகளை அப்படியே காட்டும் பின்டுஹெக்ஸில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டேட்டாபேஸில் சேர்க்கும் போதே இன்டிலில் உள்ள நார்மலைசரால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை வராது. தேடுபவர் அடிக்கும் சொல்லையும் அதே வழியில் அனுப்ப வேண்டும். டேபிள்களை யுடிஎஃப்8எம்பி4-இல் உருவாக்குங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய யுடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் ஏற்காட்டு ஹோம்ஸ்டேக்கு விருந்தாளி எழுதும் கருத்தில் ஓர் எமோஜி வந்தால் 4 பைட். அங்கே இன்சர்ட் நின்றுவிடும்.

காம்போசர் 2012-இல் வந்தது. அடுத்தவர் எழுதிய நூலகங்களை ஜிப் ஃபைலாக இறக்கி ஃபோல்டரில் போடும் வழக்கத்தை அது ஒழித்தது. பிடிஎஃப் பில்லோ எக்செல் ரிப்போர்ட்டோ வேண்டுமென்றால் ஒரு கமாண்டில் வந்துவிடும். அதில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றுதான். 'அப்டேட்' புதிய பதிப்புகளைத் தேடி இறக்கும், 'இன்ஸ்டால்' காம்போசரின் லாக் ஃபைலில் (பிழை எழுதும் லாக் இல்லை, பதிப்புகளைப் பூட்டி வைக்கும் ஃபைல்) எழுதியிருக்கும் அதே பதிப்பைத்தான் இறக்கும். அப்டேட்டை உங்கள் மெஷினில் மட்டும் செய்து, டெஸ்ட் செய்து, லாக் ஃபைலை கிட்டில் சேருங்கள். சர்வரில் இன்ஸ்டால் மட்டும். 'ஆடிட்' என்ற கமாண்டை அவ்வப்போது ஓட்டினால், நீங்கள் பயன்படுத்தும் நூலகங்களில் பாதுகாப்புக் குறை தெரியவந்திருக்கிறதா என்று சொல்லும். இறக்கிய நூலகங்கள் இருக்கும் வெண்டர் ஃபோல்டருக்குள் கை வைத்துத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் போய்விடும்.

கிட் பற்றி ஆயிரம் பாடம் இருக்கிறது, அடிப்படையை நான் சொல்லவில்லை. ஃபைல்ஜில்லாவில் நேராக சர்வர் ஃபைலைத் திருத்துவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். 'இன்டெக்ஸ் ஓல்டு', 'இன்டெக்ஸ் நியூ ஃபைனல்' என்று ஃபைல்கள் குவிவதும் அதோடு நிற்கும். கிட்ஹப்பில் பிரைவேட் ரெபோ 2019 முதல் இலவசம், கஸ்டமர் கோடைத் தைரியமாக அங்கே வைக்கலாம். பாஸ்வேர்டு உள்ள என்வ் ஃபைல் மட்டும் போகக் கூடாது. கொஞ்சம் கை பழகியதும் 'பைசெக்ட்' கற்றுக்கொள்ளுங்கள். போன மாதம் சரியாக இருந்த ரிப்போர்ட் இன்று தப்பாக வருகிறது, நடுவில் 64 கமிட் (பதிந்த மாற்றங்கள்). நல்லது எது, கெட்டது எது என்று இரண்டு முனையைச் சொன்னால் நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். பார்த்து நல்லது, கெட்டது என்று பதில் சொல்லிக்கொண்டே போனால் ஆறு தடவையில் குற்றவாளி கமிட் கையில் இருக்கும்.

விண்டோஸில் ஓடி லினக்ஸ் சர்வரில் ஓடாத கோடு உங்களுக்குச் சீக்கிரமே வரும். விண்டோஸுக்கு ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, லினக்ஸுக்கு உண்டு. பிஎச்பி பதிப்பும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. பழைய 7.4 பிராஜெக்டை 8-க்கு ஏற்றும்போது 0-ஐயும் எழுத்துச் சரத்தையும் ஒப்பிடும் இடங்களைத் தேடிப் பாருங்கள், அந்த விதி 8-இல் மாறியிருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸுக்கு பிஎச்பிமைஅட்மினே போதும், ஆனால் க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இன்டெக்ஸ் இல்லாமல் முழு டேபிளையும் படிக்கிறதா என்று தெரிந்துவிடும். யூசர் கொடுப்பதை க்வெரியில் ஒட்டாதீர்கள், பிடிஓவில் (பிஎச்பியின் டேட்டாபேஸ் இணைப்பு) பிரிப்பேர் செய்துதான் அனுப்ப வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. மெயில் டெஸ்ட் செய்ய மெயில்பிட் போடுங்கள். அனுப்பும் மெயிலெல்லாம் உங்கள் மெஷினிலேயே ஒரு பெட்டியில் விழும், நிஜக் கஸ்டமருக்குப் போகாது. கோடை ஒழுங்காக அடுக்க பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்ஸர். பிரௌசரில் எஃப்12, நெட்வொர்க் டேப்: சர்வர் உண்மையில் என்ன திருப்பி அனுப்பியது என்பது அங்கேதான் இருக்கிறது.

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நேரத்தில் அறைப் பதிவுத் தளங்களுக்கு ஒரே சமயத்தில் ஆட்கள் வருவார்கள். அதைத் தாங்குமா என்று பார்க்க எக்ஸாம்ப்பில் அப்பாச்சியின் 'பின்' (bin) ஃபோல்டரிலேயே ஏபி என்ற சின்ன புரோகிராம் இருக்கிறது. 200 கோரிக்கையை 20 பேர் ஒன்றாகக் கேட்கிற மாதிரி அனுப்பி, ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும். உங்கள் மெஷினில் உள்ள தளத்தின் மேல் மட்டும் ஓட்டுங்கள்.

கஸ்டமர் எஸ்டேட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்க மலைக்குப் போவதாக இருந்தால் அங்கே எல்லா இடத்திலும் நெட் ஒழுங்காகக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் கீழேயே காம்போசர் இன்ஸ்டாலை முடித்துவிடுங்கள். பிஎச்பி கையேட்டை முழுவதுமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். டெவ்டாக்ஸ் தளத்திலும் பிஎச்பி, மரியாடிபி பக்கங்களை ஆஃப்லைனுக்கு எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. கிட் கமிட்டுக்கு நெட் தேவையே இல்லை, இறங்கி வந்த பிறகு புஷ் செய்துகொள்ளலாம்.

கடைசியாக ரேம். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸிலிருந்து விஎஸ் கோடுக்கு மாறுங்கள். கோடு எழுதும்போதே உதவும் இன்டெலிஃபென்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனின் இலவசப் பகுதியே உங்களுக்கு இப்போது போதும். அதையும் பிஎச்பி டீபக்கையும் தவிர மற்றதை அணைத்து வைத்தால் 4 ஜிபியில் ஓட்டிவிடலாம். பிஎச்பிஸ்டார்ம் என்ற எடிட்டர் நல்ல கருவிதான், ஆனால் 8 ஜிபியாவது இருந்தால்தான் உட்கார்ந்து வேலை பார்க்க முடியும். பிராஜெக்டைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்; விண்டோஸில் அது பின்னால் ஒரு லினக்ஸையே ஓட்டுகிறது, உங்கள் மெஷின் மூச்சு வாங்கும். முதல் சம்பளத்தில் ஏதாவது வாங்குவதாக இருந்தால் 4 ஜிபி ரேம் ஒன்றும், இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்றால் ஒரு எஸ்எஸ்டியும் வாங்குங்கள். வாங்கப் போகும் முன் லேப்டாப்பில் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா, டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஸ்லாட் விவரத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.